மொட்டை மாடியில் விண்துகள்

விண்வெளியிலிருந்து வந்து, காற்று மண்டலத்தில் எரிந்தது போக மிஞ்சித் தரையைத் தொடும் கல்லே விண்கல். பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களிலிருந்து உடைந்தவை. தமிழ்நாட்டுக்கு இவை புதியவை அல்ல. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் விழுந்த கற்களை 'பார்னல்லி' என்ற பெயரில் உலக அறிவியலாளர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். 1898இல் கொடைக்கானல் பகுதியில் கிடைத்தது இரும்பு விண்கல். 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே விழுந்தவற்றின் மொத்த எடை சுமார் 110 கிலோ.

கையில் எடுத்தது விண்கல்தானா என்று பார்க்க முதலில் வேண்டியது கண்ணும் காந்தமும். அண்மையில் விழுந்த கல்லின் மேல் மெல்லிய கருந்தோல் போர்த்தியிருக்கும். காற்றைக் கிழித்து வரும்போது மேற்பரப்பு உருகி உறைந்ததன் அடையாளம் அது. உடைந்த பக்கத்தில் வெளிர்நிறமும், இடையிடையே நிக்கல் கலந்த இரும்பின் மினுக்கும் தெரியும். அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனக்கும், பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். தரை ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்க்கும்போது சிவப்புக் கோடு விழுந்தால் அது ஹேமடைட் என்ற பூமி இரும்புத் தாது. கருங்கோடு அழுத்தமாக விழுந்தால் மேக்னடைட் என்ற மற்றொரு இரும்புத் தாது. குமிழித் துளைகள் நிறைந்த கல்லை அங்கேயே விட்டுவிடலாம்.

வடசென்னையை ஒட்டிய புழல் பகுதியில் ஆளை ஏமாற்றுவது இந்தத் துளைக் கல்தான். எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரம் இரும்பு உருக்கி வார்க்கும் வட்டாரம். உலைக் கழிவான கிட்டம் கறுப்பாக, கனமாக, சில சமயம் காந்தத்திலும் ஒட்டக்கூடியதாக, நிரப்பு மண்ணோடு எங்கும் வந்து சேர்கிறது. செங்குன்றத்தின் செம்மண்ணில் கிடைக்கும் இரும்புச்சத்துள்ள உருண்டைக் கற்களும் அப்படியே. ஆகவே இங்கே வேட்டைக்கு ஏற்ற இடம் தரையல்ல, மொட்டை மாடி.

தேடும் பொருளும் கல்லல்ல, தூசு. நுண் விண்கற்கள் பூமியெங்கும் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. 1870களில் சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் ஆழ்கடல் சேற்றிலிருந்து இவற்றை எடுத்தது. பின்னர் அண்டார்க்டிகா பனியிலிருந்தும் எடுத்தார்கள். நகரத்துப் புழுதியில் இவற்றைப் பிரித்தறியவே முடியாது என்றுதான் அறிவியலாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஜான் லார்சன் என்ற நார்வே நாட்டு ஜாஸ் இசைக்கலைஞர். ஆண்டுக்கணக்காகக் கூரைத் தூசைச் சலித்துப் பார்த்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கெஞ்ச் குழுவுடன் சேர்ந்து, ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் நகரக் கூரைகளிலிருந்து கிடைத்த சுமார் 500 நுண் விண்கற்களை 2017இல் ஆய்வேட்டில் வெளியிட்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒருவர் அறிவியலின் கதவைத் திறந்தார் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

சென்னை வீடுகளுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியில் விழுந்த தூசு முழுவதையும் மழை அடித்துக்கொண்டு வந்து குழாய் வாயிலும் வடிகட்டித் தொட்டியிலும் சேர்த்துவைக்கிறது. அந்த வண்டலை அள்ளி, வாளித் தண்ணீரில் கலக்கி, மேலே மிதக்கும் இலைச் சருகையும் கலங்கலையும் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன்மேல் மெல்ல நகர்த்தினால் கருந்துகள்கள் பையின் வெளிப்புறத்தில் ஒட்டும். வெள்ளைத்தாளின் மேல் பிடித்துக் காந்தத்தை உள்ளிருந்து உருவினால் அவை உதிரும். நுண்ணிய சல்லடையில் சலித்து, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து அரை மில்லிமீட்டர் வரை உள்ளவற்றை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வைக்கலாம்.

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். வெல்டிங் பொறி, கிரைண்டர் பொறி, கம்பி மத்தாப்பு எல்லாமே காற்றில் உருகிய இரும்பைக் குட்டி உருண்டைகளாக உறையவைக்கும். தீபாவளி முடிந்து எடுத்த வண்டலில் அவை மலிந்திருக்கும் என்பதால், அதற்கு முன்பே எடுப்பது நல்லது. வடசென்னை அனல் மின்நிலையச் சாம்பலிலும் உருண்டைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை, சல்லடையிலேயே கழியும். கண்ணாடிபோல் வழவழவென்று பளபளக்கும் முழு உருண்டையைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. விண்துகள் சற்றே நீண்டிருக்கலாம். அதன் மேற்பரப்பில் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் வரிவரியாக ஓடும், அல்லது மேக்னடைட் பெரணி இலைபோல் கிளை விரித்திருக்கும். சிலவற்றின் ஒரு முனையில் நிக்கல்-இரும்பு மணியொன்று துருத்தி நிற்கும். ஐயத்தைத் தீர்ப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செய்யும் வேதிப் பகுப்பாய்வுதான்.

வானிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படும் கல்லிலும் இதே நிதானம் வேண்டும். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரியில் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் இறந்தார். விண்கல்லே காரணம் என்று அரசு அறிவித்தது. நாசா அறிவியலாளர்களோ, படங்களைப் பார்த்தால் தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றார்கள்.

உண்மையிலேயே ஒரு கல் விழுந்தால், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, கழுவாமல் சுத்தமான பையில் வைக்க வேண்டும். தரையில் கிடைத்த கல்லுக்குச் சொன்ன காந்தச் சோதனை இதற்கு வேண்டாம்; காந்தத்தை அதில் ஒட்டவே கூடாது. கல்லில் பதிந்திருக்கும் பழங்காலக் காந்தப் பதிவு அழிந்துவிடும். இந்தியாவில் விழும் விண்கற்களைப் பேணும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கல்லை அங்கே சேர்ப்பிக்கலாம்.