"ஐ.சி.யை எடுத்துக் காட்டு"



போன மாரிகாலம், ஒரு பின்னேரம். கோலியர்ஸ் வுட் ரியூப் நிலையத்தால் நானும் மகனும் வெளியே வந்தோம். வாசலில் இரண்டு பொலிசார் அவனை மறித்தார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. என் வாயில் வந்த முதல் சொல் இதுதான்: "தம்பி, ஒன்றும் கதையாதை. ஐ.சி.யை எடுத்துக் காட்டு."

இந்த நாட்டில் அடையாள அட்டையோடு திரிய வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கொழும்புச் சோதனைச் சாவடிகளில் பழகிய பயம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

மகன் கதைத்தான். "எந்தச் சட்டத்தின்கீழ் சோதிக்கிறீர்கள்? எதைத் தேடுகிறீர்கள்? என்ன காரணம்?" சத்தம் போடவில்லை, கையைத் தட்டிவிடவுமில்லை. பதில் சொன்னார்கள், சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்தபிறகு கேட்டான்: "அப்பா, நான் ஏதோ பிழை செய்துபோட்டேன் என்று நினைச்சீங்களா?" நான் தலையைக் குனிந்தேன்.

அவன் கேட்ட கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1981 ஏப்ரலில், எங்களுக்குச் சில மைல் தள்ளியுள்ள பிரிக்ஸ்டனில், சில நாட்களுக்குள் ஏறக்குறைய ஆயிரம் பேரைப் பொலிசார் மறித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். கலவரம் மூண்டது. ஸ்கார்மன் பிரபு விசாரணை நடத்தினார். சோதனைக்குக் காரணம் சொல்ல வேண்டும், பதிவு எழுத வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஸ்டீபன் லோரன்ஸ் கொலை பற்றிய 1999 மக்பெர்சன் அறிக்கையும், 2023 கேசி அறிக்கையும் லண்டன் பொலிசில் நிறுவனரீதியான இனவாதம் இருப்பதாகச் சொல்லின. ஆகவே கதை முடிந்துவிடவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பொதுவாக நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதிக்கலாம். 60ஆம் பிரிவு அறிவிக்கப்பட்ட இடத்தில் அது தேவையில்லை. சோதனைக்காக மட்டும் மறித்தால் பெயர், விலாசம் சொல்லக் கட்டாயமில்லை. பதிவின் பிரதியை மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பெறலாம். கையால் எதிர்க்கக் கூடாது. வாயால் மரியாதையாகக் கேட்கலாம்.

எங்களுக்கும் ஒரு சொல். பிள்ளையை மறித்தால், அவன் வாயை நாங்களே பொத்த வேண்டாம். பக்கத்தில் சாட்சியாக நிற்போம்.