ஒளியறிந்து எண் கொள்வோம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

வாளையாற்றுக்கு மேற்கேயும் குமுளிக்கு அப்பாலும் வாழும் நம்மவருள் இன்று ஒளிப்படக் கருவியோ கைப்பேசியோ இல்லாதார் அரியர். ஆயினும், அதிலுள்ள ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் எண்ணை எங்ஙனம் தேர்வது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதுபற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

படச்சுருள் வழங்கிய நாளில் அவ்வெண் சுருளுக்கே உரியது. ஒரு சுருளைக் கருவியில் இட்டால், அது தீரும்வரை வெயிலாயினும் நிழலாயினும் பெரும்பாலும் ஒரே எண்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டு யானைப் படங்கள் அத்தகைய சுருளில் பிறந்தவையே. இன்றோ ஒவ்வொரு படத்துக்கும் எண்ணை மாற்றலாம். ஆதலின் தேரும் பொறுப்பும் நம்முடையதாயிற்று.

கணக்கு எளிது. எண் இருமடங்கானால் வேண்டிய நேரம் பாதியாகும். நண்பகல் வெயிலில் மலம்புழை அணையை எடுப்போர்க்கு எண் 100 போதும். துளை எஃப் 8 எனின், ஷட்டர் 1/400 நொடியே திறந்திருக்கும். கை சிறிது நடுங்கினும் படம் கலங்காது.

சைலண்ட் வேலி என்னும் அமைதிப் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. அடர்ந்த மரங்களின் கீழ், எண் 100-க்கு 1/15 நொடி வேண்டும் என வைத்துக்கொள்வோம். கிளை தாவும் சோலைமந்தி அதற்குள் இடம் மாறிவிடும். 200, 400, 800, 1600 என நான்கு படி ஏறினால் ஏறத்தாழ 1/250 நொடி கிட்டும்; மந்தியின் முகம் தெளிவுறப் பதியும்.

உயர்ந்த எண்ணில் புள்ளிகள் தோன்றுமே என்பீர். உண்மை. எண்ணை ஏற்றுவதால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளியையே கருவி பெருக்கிக் காட்டுகின்றது. உடன் கலந்த மாசும் பெருகுகின்றது. எனினும் புள்ளி விழுந்த படத்தைப் பின்னர் ஓரளவு திருத்தலாம். அசைந்து கலங்கிய முகத்தைத் திருத்துதல் அரிது.

ஆகவே, எடுக்கும் பொருள் எவ்வளவு அசையும் என முதலில் நோக்குக. அதற்கேற்ற நேரத்தை முடிவு செய்க. துளையை இயன்ற அளவு திறக்க. அதன் பின்னரே, போதுமான எண்களுள் மிகச் சிறியதைக் கொள்க. முக்காலியில் நிறுத்தி மலைமுகட்டை எடுப்போர்க்கு அந்தியிலும் 100 போதும்.

இத்துணை கவலை ஏன்? இரவிகுளத்து நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல்தான் அவ்வாறு பூக்கும். மங்கலதேவி கண்ணகி கோயிலோ ஆண்டில் சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே அடியார்க்குத் திறக்கின்றது. அன்று காட்டு நிழலில் மலையேறி வரும் நம் பாட்டிமாரின் முகம் கலங்கிப் பதிந்தால், அடுத்த சித்திரை வரை காத்திருத்தல் வேண்டும். அடுத்த சித்திரையில் அவர்கள் மீண்டும் ஏறுவார்களோ, யார் அறிவார்? நிழலைக் கண்டதும் எண்ணை 800-க்கு உயர்த்த ஒரு கணமே ஆகும். அந்த ஒரு கணத்தைச் செலவிடுங்கள் என வேண்டி அமைகின்றேன்.