கத்தியின்றிக் குணமாகும் குதிகால் வலி

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில், இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ பேசுறதா இருந்தா நம்ம வயசுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நம் வயது என்ன? நாற்பதைத் தாண்டி அறுபதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். குதிகால் வலி அதிகமாக வருவதும் இந்த வயதில்தான். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும் என்பது பொதுவான கணக்கு. இந்த அரங்கில் எத்தனை பேர் காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், மனசுக்குள் ஒத்துக்கொண்டால் போதும்.

ஊர்ப்பக்கம் இதைக் குதிவாதம் என்பார்கள். டாக்டர்கள் ப்ளாண்டர் ஃபேஸியைட்டிஸ் என்பார்கள். நம் பாதத்தின் அடியில், குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை ஒரு வில் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பட்டை அதன் நாண். நடக்கும்போது விரல்கள் மேலே மடங்கினால் இந்த நாண் இறுகும், வளைவு உயரும். கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலே வருகிறதல்லவா, அதே கதைதான். 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கி எழுதினார். இரவில் தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கி, பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்து திடீரென்று உடம்பின் எடையை அதன்மேல் வைக்கிறோம். அதனால்தான் முதல் அடி உயிரை எடுக்கிறது, பத்து நிமிடம் நடந்தால் கொஞ்சம் விடுகிறது.

இது வீக்க நோய் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2003-ல் அமெரிக்காவில் லெமாண்ட் என்பவரும் அவர் குழுவினரும், ஆபரேஷனில் எடுத்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். அதில் தெரிந்தது அழற்சி அல்ல, நார்கள் நைந்துபோன அடையாளம். இது ஏன் முக்கியம்? நைந்த கயிற்றுக்கு வலி மாத்திரை மருந்தாகாது. அந்த நார் மெல்ல மெல்லத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களைப் பொறுமையாகக் கடப்பதுதான் வைத்தியத்தில் பாதி.

அடுத்தது எக்ஸ்ரேயில் தெரியும் அந்த "முள்". "டாக்டர், குதிகால்ல முள்ளு வளர்ந்திருக்காம், குத்துதாம், வெட்டி எடுக்கணுமாம்" என்று பயந்துபோய் வருகிறார்கள். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். வலி இருந்தும் முள் இல்லாதவர்களும் உண்டு. ஆகவே முள்ளைப் பார்த்து மிரளாதீர்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காசு செலவில்லாதது.

முதலாவது, நீட்டும் பயிற்சி. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், உட்கார்ந்தபடியே வலிக்கும் காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போடுங்கள். கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். மற்றொரு கையால் பாதத்தின் அடியைத் தொட்டால் நாண் போல இறுகியிருப்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை. நாளைக்கு மூன்று வேளை. பத்து மாதத்துக்கு மேலாக வலியில் இருந்த 101 பேரை வைத்து அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள், 2003-ல் முடிவு வெளியானது. எட்டு வாரத்தில், கெண்டைக்கால் தசைநாணை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது.

இரண்டாவது, பலப்படுத்தும் பயிற்சி. மாடிப்படி விளிம்பில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துங்கள். மூன்று நொடி ஏற, இரண்டு நொடி நிற்க, மூன்று நொடி இறங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். 2014-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், மூன்று மாதத்தில் இந்தப் பயிற்சி செய்தவர்கள் வெறும் நீட்டல் செய்தவர்களை முந்தினார்கள். ஒரு வருடம் ஆனபோது இரு சாராரும் சமமாகிவிட்டார்கள். ஆக, எதையாவது விடாமல் செய்ய வேண்டும் என்பதுதான் பாடம்.

மூன்றாவது, செருப்பு. நம் வீடுகளில் சிமெண்ட் தரை போய் டைல்ஸும் கிரானைட்டும் வந்துவிட்டன. அதன்மேல் வெறுங்காலோடு நாள் முழுவதும் நிற்கிறோம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். பூஜையறைக்கு மட்டும் கழற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது. தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். பாதத்துக்கு அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த உள்பட்டைக்கு அவசரப்படாதீர்கள். 135 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2006-ல் வெளியான ஆய்வில், கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதும் அளவெடுத்துச் செய்ததும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன.

ஊசி? ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி குறையும், உண்மை. ஆனால் 2012-ல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில் அந்த நிவாரணம் நான்கு வாரத்தில்தான் தெரிந்தது, எட்டாவது வாரத்தில் வித்தியாசம் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரைந்துபோகலாம். பயிற்சியும் காலணி மாற்றமும் சில மாதங்களாகியும் பலன் தராதவர்களுக்கு ஷாக் வேவ் சிகிச்சை இருக்கிறது. பெயரைக் கேட்டு மின்சாரம் என்று பயப்படாதீர்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அழுத்த அலைகளின் தம்பிதான் அது. அமெரிக்க அரசு இதற்கு 2000-ல் அனுமதி தந்தது. ஆபரேஷன் என்பது, இவையெல்லாம் செய்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியும் தீராத சிலருக்கு மட்டும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அது வரை போகவே வேண்டியதில்லை.

செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை வைத்து மிதிக்கும் நம் பாட்டி வைத்தியம்? இதமான சூடு சிலருக்குச் சுகம் தரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சூடு தெரியாது, வெந்தபிறகுதான் தெரியும்.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. ஓய்விலும் இரவிலும் வலி, காய்ச்சல், வீக்கம், எரிச்சல், மரத்துப்போதல், விழுந்தபின் வந்த வலி இருந்தால் டாக்டரிடம் போங்கள். இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் விறைத்துக்கொண்டால் அது மூட்டுவாத நோயாக இருக்கலாம். தம்பிகள் இதைக் கவனியுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்கும் வேலை. எட்டு மாத வலி. "முள்ளை எடுத்தாதான் சரியாகும்னு சொல்லிட்டாங்க சார், வளையலை அடகு வைக்கப் போறேன்" என்றார். நான் கேட்டது இரண்டே. காலை நீட்டல் பயிற்சி, கடையில் கொஞ்ச நேரமாவது உட்கார ஒரு இருக்கை. முதலாவது அன்றே தொடங்கியது. இரண்டாவதற்குத்தான் முதலாளியிடம் பலமுறை கேட்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்தில் அவர் வலியில்லாமல் வேலைக்குப் போனார். வளையல் கையிலேயே இருந்தது.

2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்மில் கடை வைத்திருப்பவர்கள், நிறுவனம் நடத்துபவர்கள் பலர் இருக்கிறோம். சட்டத்துக்காக ஒரு ஸ்டூலை மூலையில் போட்டுவைப்பது வேறு, "கூட்டம் இல்லாதப்போ உட்காரும்மா" என்று வாய்விட்டுச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. வலி வந்தால் நடையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நடை நின்றால் எடை ஏறும், சர்க்கரை ஏறும், குதிகாலின் சுமையும் ஏறும். தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கிரிவலத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், ஆனால் நடந்துகொண்டே இருங்கள். அடுத்த சந்திப்புக்கு இந்த மாடிப்படிகளை எல்லோரும் சொந்தக் காலில் ஏறி வர வேண்டும்.