ஓடும் விளக்கு ஏன் தாவுகிறது?

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் விரும்பிச் செய்வது ஓடும் விளக்கு. 555 ஐ.சி. துடிப்பு தரும், 4017 அதை எண்ணி எல்.இ.டி.களை ஒவ்வொன்றாக ஏற்றும். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி செய்ததில் மூன்றாவதுக்கு அடுத்து ஐந்தாவது எரிந்தது. "ஐ.சி. போயிடுச்சு, வேற வாங்கும்மா" என்றார்கள் பார்த்தவர்கள். வாங்கக் காசு இல்லாமல் அவள் செயல்திட்டத்தையே விட்டுவிட இருந்தாள்.

ஐ.சி. கெடவில்லை. 555-இன் வெளியீடு மாறும் கணத்தில் அது மின்கலனிலிருந்து சட்டென்று கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து எழும். அந்தக் குலுக்கலையும் 4017 துடிப்பாக எண்ணிவிடக்கூடும். 4017-இன் 13ஆம் காலை இணைக்காமல் விட்டாலும் கை அருகே போனாலே விளக்கு தாவும். 15ஆம் காலை விட்டால் பாதியில் முதல் விளக்குக்கே திரும்பும்.

அவளையே தேடச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே குறிப்பேட்டில் பதிவு. 13, 15 இரண்டையும் எதிர்முனையில் இணைத்தாள். தாவல் குறைந்தது, நிற்கவில்லை. 555-இன் 8, 1 கால்களுக்கு நடுவே, ஐ.சி.யை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தாள். நின்றது. மின்தேக்கி பழைய வானொலிப் பலகையில் கழற்றியதுதான்!

செயல்திட்டத்துக்கு மதிப்பெண் போடும்போது அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.