வேலை இங்கே, வாசம் அங்கே



நம் பள்ளியில் படித்துப் போன பெண் ஒருத்தி. பால்மரம் வெட்டிய தாய்க்கு ஒரே மகள். கணக்கியல் படித்து, பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தாள். பின்னர் தனியாகவே தொழிலைத் தொடங்கினாள். மளிகைக் கடை, பூக்கடை, மோட்டார் பட்டறை என்று பதினோரு கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுத்தாள். கடைக்காரர்கள் ரசீதுகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் அனுப்பி விடுவார்கள். இவள் வீட்டு மேசையிலேயே கணக்கை முடித்து விடுவாள்.

இவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் வேலை. ஒருநாள் பள்ளி விட்ட நேரத்தில் அந்தத் தாய் நம்மைத் தேடி வந்தார்.

"சார், பாப்பா அங்க போயும் இங்க உள்ள கடைக்கணக்கையே எழுதப் போகுதாம். அப்படிச் செய்யலாமா? யாரும் பிடிச்சுக்க மாட்டாங்களே?"

செய்யலாம் என்றோம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பி வைக்க நமக்கு மனம் வரவில்லை. கணக்குப் புத்தகம் கைப்பேசிக்குள் அடங்கிக் கடல் தாண்டி விடும். குடியிருக்கும் உரிமை, வரி, வயதான காலத்துச் சேமிப்பு ஆகிய மூன்றும் அப்படிக் கூடவே வந்து விடுவதில்லை.

முதலில் விசா. "சுற்றுலா விசாவிலேயே போய் ஆறு மாதம் வேலை பார்க்கலாம், காசு மலேசியாவில்தானே வருகிறது, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சொல்லிக் கொடுக்கும் அறிவாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல், பார்வையாளராக வருகிறவர் தம் நாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்தது. பக்கத்து நாட்டின் சலுகை ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தாது. இந்தப் பெண்ணின் கணவருக்குத் திறன் பெற்ற தொழிலாளருக்கான விசா. அவரைச் சார்ந்து போகும் மனைவிக்கும் வேலை செய்ய உரிமை உண்டு. அந்த விசா கைக்கு வரும் வரை பொறுத்திருக்கச் சொன்னோம். பொறுத்தாள்.

அடுத்தது வரி. "காசு நம்ம ஊர் பேங்க்லதானே விழுது, அப்புறம் அந்த நாட்டுக்காரனுக்கு எதுக்கு வரி?" என்று தாய் கேட்டார். பலரும் இடறி விழும் இடம் இதுதான். காசு எந்த வங்கியில் விழுகிறது என்பதை விட, வேலை செய்யும் கை எந்த நாட்டில் இருக்கிறது என்பதே முக்கியம். பெர்த்தில் குடியிருந்து, பெர்த்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினால், அந்த வருமானத்தை ஆஸ்திரேலியாவில் காட்ட வேண்டும். அந்நாட்டு வரிச் சட்டப்படி குடியிருப்பாளராகக் கருதப்படுபவருக்கு ஆண்டில் முதல் 18,200 டாலருக்கு வரி கிடையாது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி பிடிக்காதிருக்க மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் 1980-இல் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. பயந்து ஒளிய வேண்டிய விஷயமே இல்லை.

புறப்படும் ஆண்டில் மட்டும் இங்கேயும் கவனம் வேண்டும். ஓர் ஆண்டில் 182 நாள் மலேசியாவில் இருந்தவர் வரிக்கணக்கில் குடியிருப்பாளர். அதற்குக் குறைந்தாலும் முந்திய ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும் விதிகள் உண்டு. எதிலும் சேராமல் போனால், இங்கே ஈட்டிய வருமானத்துக்குக் கழிவு எதுவும் இல்லாமல் நூற்றுக்கு 30 என்று வரி விழும். தானியங்கி வாசலில் போய்வரும் நம்மவர் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. ஆகவே விமானச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

இன்னொரு தொல்லை. ஆஸ்திரேலியாவின் வரி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. இங்கே கடை வைத்திருப்பவர்கள் 'பி' பாரம் அனுப்பக் கெடுவும் ஜூன் 30-தான். கடைக்காரர் கணக்கும் தன் கணக்கும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். நல்ல வேளை, பெர்த் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் நாளில் அரைமணி நேரத்தை முன்னே தள்ளியதால் வந்த பொருத்தம் இது. லண்டனாக இருந்தால் ஏழு, எட்டு மணி நேரம் பின்தங்கி, கடைக்காரர் பகலில் கூப்பிடும்போது இவள் உறக்கத்தில் இருப்பாள்.

இனி நமக்கு மனம் கனத்த விஷயத்துக்கு வருவோம்.

அந்தத் தாய் முப்பது ஆண்டுகள் காண்டா வாளி சுமந்தவர். தோட்டம் விற்கப்பட்டு லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்தை எடுத்துத்தான் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார். மகள் தாயை விடப் பல மடங்கு படித்தவள். தாயை விட நன்றாகச் சம்பாதிக்கிறாள். தனியாகத் தொழில் தொடங்கிய நாள் முதல் அவள் சேமநிதிக் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை.

காண்ட்ராக்ட் என்ற சொல்லைத் தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காண்ட்ராக்டர் கீழ் வேலை பார்த்துச் சேமநிதியும் சொக்சோவும் இல்லாமல் ஓய்ந்து போன பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மாதம் 2,000 வெள்ளிச் சம்பளத்தில் இருக்கும் தொழிலாளிக்கு முதலாளி நூற்றுக்கு 13, அதாவது 260 வெள்ளி, சேமநிதிக்குக் கட்டுகிறார். தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, அது 220 வெள்ளி. ஆக மாதம் 480. ஒப்பந்தத்துக்குக் கணக்கு எழுதுகிறவளுக்கு முதலாளி என்று யாருமில்லை. பூக்கடைக்காரரை முதலாளி என்று சொல்ல முடியுமா?

சேமநிதிக்குத் தானாகவே கட்டும் வழி இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் வெள்ளி வரை விருப்பம் போல் செலுத்தலாம், இணையத்திலேயே கட்டலாம். வெளிநாட்டில் குடியேறியதால் பழைய சேமிப்பு கரைந்து விடாது. ஆண்டுதோறும் இலாப ஈவு ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் நாட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லி அதை மொத்தமாக எடுக்க வேண்டுமானால் குடியுரிமையைத் துறக்க வேண்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நிரந்தர வசிப்புரிமை வேறு, குடியுரிமை வேறு என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசிக் கொள்ளுங்கள். இதை மணமேடைக்கு முன்பே பேச வேண்டும் என்பது நம் கருத்து. சிலருக்குக் கசக்கும்.

பட்டறைக்காரர் ஒருவர் அவளுக்கு மூன்று மாதக் கூலியைப் பாக்கி வைத்திருந்தார். வாய்ப் பேச்சில் தொடங்கிய வேலை. சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். ஆனால் பெர்த்திலிருந்து வந்து எத்தனை தவணைக்கு நிற்பது? மீதிப் பத்துக் கடைகளோடும் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். என்ன வேலை, எந்தத் தேதிக்குள் பணம், எந்த நாணயத்தில், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவ்வளவே. பட்டறைக் கணக்கை விட்டு விட்டாள். பாக்கி வரவேயில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வங்கியின் பாதுகாப்பு எல்லாம் கைப்பேசியோடு கட்டப்பட்டிருக்கிறது. இங்குள்ள எண் செத்துப் போனால், கணக்கில் பணம் இருந்தும் தொடுவது பெரும்பாடு. இப்போது அந்தத் தாய் பட்டணத்துக்குக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் மகளின் பழைய எண்ணுக்குப் பத்து வெள்ளி போட்டு வருகிறார். வருமான வரி வாரியத்திலிருந்து கடிதம் வந்தால், உறையைப் பிரிக்காமல் நம்மிடம் கொண்டு வருகிறார். நாம் படித்துச் சொன்ன பிறகு, அதைப் படம் பிடித்து அனுப்ப அவருக்கு இப்போது யாருடைய உதவியும் வேண்டியிருப்பதில்லை.