பிறிதொரு குரல்

(கொடைரோட்டில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த பொருள் அவையச்சம். வள்ளுவப் பெருந்தகை இதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். எழுபத்து மூன்றாவது அதிகாரம். அவர் தரும் மருந்து கல்வி. அளவையறிந்து கற்றவன் அவையில் மறுமொழி சொல்ல அஞ்சான் என்பது அவர் கருத்து. ஆனால் நன்கு கற்றவர்களும் தம் கவிதையைத் தாமே படிக்க எழுந்தவுடன் நா வறண்டு நிற்பதை நாம் மாதந்தோறும் காண்கிறோம். கற்றது கைவசம் இருந்தும் குரல் எழவில்லை என்றால், சிக்கல் கல்வியில் இல்லை. 'நான் பேசுகிறேன்' என்னும் நினைப்பில் இருக்கிறது. ஆகவே, நெருக்கடியில் நிற்கும் ஒருவர் தம் குரலை விடுத்துப் பிறிதொருவராய் நின்று பேசும் நெறியைப் பற்றிச் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மேலை நாட்டார் இதனை 'ஆல்டர் ஈகோ' என்பர். அமெரிக்கப் பாடகி பியான்சே, மேடையில் மட்டும் உயிர்பெறும் 'சாஷா ஃபியர்ஸ்' என்னும் மற்றொருத்தியைப் படைத்துக்கொண்டு, 2008இல் அப்பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பும் வெளியிட்டார். 2017இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு, நான்கு வயதும் ஆறு வயதும் உடைய குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் சலிப்பூட்டும் வேலையொன்றைக் கொடுத்துப் பார்த்தது. தம்மைப் பேட்மேன் போன்ற வீரர்களாகப் பாவித்துக்கொண்ட குழந்தைகளே வேலையில் நெடுநேரம் நின்றார்கள். தம்மைத் தம் பெயரிட்டுப் பிறரைப் போல் எண்ணிக்கொண்டவர்கள் அடுத்து. 'நான்' என்றே எண்ணியவர்கள் கடைசி. அவ்வாய்வு அளந்தது சலிப்பைத் தாங்கும் ஆற்றலை, அவையச்சத்தை அன்று. அதனை மறவாது இருப்பது நலம். ஆயினும் 'நான்' என்பதிலிருந்து ஓரடி விலகி நின்றால் கைகால் கட்டவிழ்கிறது என்பதைத் தமிழர்க்குப் பேட்மேன் வந்து சொல்ல வேண்டியதில்லை. நம் அகப்பாட்டு முழுவதும் இந்த விலகலின் மேல் எழுந்ததே ஆகும்.

அகத்திணையில் எவர் பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் விதி. புலவன் தன் பெயரில் பேச முடியாது; தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்றுதான் பேச வேண்டும். ஒவ்வொரு பாட்டின் கீழும் இன்னார் கூற்று என்று குறிப்பு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாடியவர் பெயர் மறைந்து, பாட்டில் அவர் ஆண்ட தொடரே அவர்க்குப் பெயராய் நின்ற செம்புலப்பெயனீரார் போன்றோரும் உளர். இனி, அகப்பாட்டுக்குள்ளேயே பார்த்தால், நெருக்கடி முற்றும்போது தலைவி வாய் திறப்பதில்லை. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் உண்மையைக் கடத்துகிறார்கள். சொல்ல முடியாத ஒன்று, குரல் மாறி மாறிச் சொல்லத்தக்கதாய் ஆகிவிடுகிறது.

வகுப்பறையில் இதனை நான் பலமுறை கண்டதுண்டு. 'இப்பாட்டைப் பற்றி உன் கருத்தைச் சொல்' என்றால் தலை குனியும் மாணவி, 'நீதான் தோழி. வரைவு நீட்டிக்கும் தலைவனிடம் பேசு' என்றால் பேசத் தொடங்கிவிடுகிறாள். சில வேளைகளில் தலைவன் பக்கம் நிற்கவே எனக்கு இரக்கம் வந்துவிடும்.

இவ்விடத்தில் மூன்று பெண்பாற் புலவர்களை நினைவுகூர வேண்டும். கரிகாலன் மகள் எனப்படும் ஆதிமந்தி, காவிரி கொண்டுபோன தன் கணவன் ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவள். அவள் பெயரில் குறுந்தொகையில் ஒரு பாட்டு (31) உண்டு. அங்குத் தேடுபவள் ஆடுகளத்து மகளாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். வெள்ளிவீதியாரின் அகநானூற்றுப் பாட்டில் (45), பிரிவால் கலங்கிய தலைவி, ஆதிமந்தியைப் போல நானும் அலைவேனோ என்கிறாள். ஔவையாரின் அகநானூற்றுப் பாட்டிலோ (147), தலைவி தான் வெள்ளிவீதியைப் போலச் செல்லத் துணிந்ததைச் சொல்கிறாள். ஒருத்தியின் துயரை அடுத்தவள் ஆடையாய் அணிய, அவளது துயரை அதற்கடுத்தவள் அணிகிறாள். வாயிலைக் கடந்து வழியில் இறங்கும் துணிவை ஒவ்வொருத்திக்கும் முன்னவள் பெயரே தருகிறது.

ஆனால் இதே சங்கிலி மற்றொன்றையும் காட்டுகிறது. ஔவையார் பாட்டைச் சான்றாகக் கொண்டு, வெள்ளிவீதியாரின் பாட்டுகளை அவர்தம் சொந்த வாழ்க்கைக் குறிப்பாகவே படிக்கும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கபிலர் தலைவி கூற்றாய்ப் பாடினால் அது கவித்திறன். வெள்ளிவீதியார் பாடினால் அது அவர் கதை! இன்றும் ஒரு பெண் 'நான்' என்று கவிதை எழுதினால், கூட்டம் முடிந்ததும் 'வீட்டில் ஏதும் சிக்கலா அம்மா?' என்று கேட்கும் அன்பர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். அடுத்த மாதம் அந்தப் பெண் கூட்டத்திற்கு வருவதில்லை.

பக்தி இலக்கியத்திற்கு வருவோம். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்கள், நூறு பதிகங்கள். அவற்றுள் இருபத்தேழு பதிகங்கள் பெண் பேச்சு: மகளாய்ப் பதினேழு, தாயாய் ஏழு, தோழியாய் மூன்று. அவ்வாறு பேசும் ஆழ்வாரைப் பராங்குச நாயகி என்று வைணவ மரபு பெயரிட்டு வணங்குகிறது. ஏன் இந்த மாற்றம் என்பதற்கு ஆசார்ய ஹிருதயம் தரும் விளக்கம் நுட்பமானது. அறிவில் தெளிந்து நிற்கும்போது ஆழ்வார் தாமாகப் பேசுகிறார். காதல் மிகுந்து நிலைகுலையும்போது பெண்ணாகப் பேசுகிறார் என்பது அதன் சாரம். தம் குரல் தாங்காத பாரத்தை வேறொரு குரல் தாங்குகிறது.

ஐந்தாம் பத்தின் ஆறாம் பதிகம் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே மகள் தன்னைத் திருமாலாகவே பாவித்து, உலகைப் படைத்தவளும் இடந்தவளும் தானே என்கிறாள். அவன் வந்து இவள்மேல் ஏறிவிட்டானோ என்று தாய் மயங்குகிறாள். உரைகாரர்கள் இதனை அநுகாரம் என்பர். கண்ணன் மறைந்தபோது ஆயர் மகளிர் அவனைப் போல் நடித்து உயிர் தரித்தார்களே, அதுபோல என்பது அவர்கள் காட்டும் ஒப்புமை. பிரிந்தவனாகத் தானே ஆகிவிட்டால் பிரிவு சற்று நேரம் பொறுக்கத்தக்கதாகிறது. ஆண்டாள் திருப்பாவையில் வில்லிபுத்தூரை ஆயர்பாடியாகவும் தன்னை ஆயர் மகளாகவும் கொண்டதும் இந்த அநுகாரமே. மேடைக்குச் செல்லுமுன் தன்னை வேறொருத்தியாக நினைத்துக்கொள்ளும் பாடகியின் செய்கைக்கு இச்சொல்லைவிடப் பொருத்தமான தமிழ் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்து மேடையைச் சொல்லாமல் இப்பொருளை முடிக்க முடியாது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அம்மையநாயக்கனூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் பாராதவர் இவ்வவையில் இருக்கமாட்டார்கள். இரவு பத்து மணி அளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் அந்நாடகத்திற்கு ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே அழைக்கப்பட்டவர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுகிறார்கள். கதையும் பாட்டும் அனைவர்க்கும் பாடம். இடைப்பட்ட அனைத்தும் அந்நேரத்து வாக்கு. வள்ளி திருமணத்தில் நாரதர் தர்க்கம் தொடங்கிவிட்டால் வள்ளிக்கு எழுதிவைத்த விடை ஏதும் இல்லை. எதிரில் ஊரே அமர்ந்திருக்கிறது. தயங்கினால் பபூன் கேலி செய்வார். இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மையார் அஞ்சாமல் விடை சொல்கிறார். சொல்பவள் வள்ளி அல்லவா? தினைப்புனத்துக்குச் சொந்தக்காரி எதற்கு அஞ்ச வேண்டும்? கதையை நோக்கினால் முருகனே அங்கு வேடம் தாங்கித்தான் வருகிறான்: வேடனாய், வேங்கை மரமாய், விருத்தனாய். சூரனை எதிர்க்கத் தன் உருவே போதுமானதாயிருந்த தேவசேனாபதிக்குத் தினைப்புனத்தில் அது போதவில்லை.

அந்நாடக மரபை ஒழுங்குபடுத்திய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வாழ்வில், வேடம் எல்லை மீறியதையும் காண்கிறோம். எமன், சனீசுவரன் முதலிய வேடங்களை அவர் ஏற்றபோது, அக்கோலத்தைக் கண்ட பெண்கள் அதிர்ச்சியால் கேடுற்றதாகவும், அதனால் மனம் நொந்து அவர் வேடமிடுவதையே விட்டதாகவும் அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். பின்னர் அவர் பிறர்க்கு வேடங்களை எழுதித் தந்தார்; 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களைப் பயிற்றினார். அங்குப் பயின்ற டி.கே. சண்முகம், ஔவையாராய் நடித்ததன் பின் ஔவை சண்முகம் ஆனார். ஒருவரை வேடம் வருத்தியது. மற்றவர்க்கு அதுவே பெயராயிற்று.

'இது ஒளிந்துகொள்வது ஆகாதா? சொல்வதைச் சொந்தப் பெயரில் சொன்னால் என்ன?' என்று நம் வட்டத்து இளைஞர்கள் கேட்பதுண்டு. கேட்க எளிது. இங்கிருந்து நத்தம் வழியே சென்றால் துவரங்குறிச்சி. அவ்வூரில் பருவமெய்தியதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டினுள் இருத்தப்பட்ட ஒரு பெண், மணமான பின் வீட்டார் அறியாமல் எழுதினார். தாயின் துணையால் அக்கவிதைகள் வெளியே போயின. போடப்பட்ட பெயர் சல்மா. ஊரில் அப்பெயருடையவர் யார் என்று எவரும் அறியாதிருந்ததே அவர் எழுதுவதற்கு இடம் தந்தது. 2000இல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு வந்தது. 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் வென்று பொதுமேடையில் பேசினார். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். ஒளிந்துகொள்ள வைத்த பெயரே இன்று அவரை உலகம் அழைக்கும் பெயர்.

மறுதலையாக, 2015 சனவரியில் பெருமாள்முருகன் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவும், ஆசிரியனாகிய பெ. முருகன் மட்டும் வாழ்வான் என்றும் அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்த மற்றவர் மீண்டார். இடைப்பட்ட காலத்தில் எழுதிய கவிதைகளுக்கு அவர் இட்ட தலைப்பு 'கோழையின் பாடல்கள்'. அந்த இருண்ட மாதங்களிலும் பாடுவதற்கு அவர்க்கு ஒரு கூற்று வேண்டியிருந்தது: கோழை கூற்று.

வத்தலக்குண்டோடு உறவுடைய சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பைக் கொணர்ந்தபோது, தமிழ்க் கவிதையில் 'நான்' என்பது புதிதாய்க் குடியேறியது. அது பெருங்கொடை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 'நான்' வந்தபோது கூற்றுக் குறிப்புகள் பாட்டின் கீழிருந்து உதிர்ந்துவிட்டன. கவிஞர் நம் முன் எழுந்து நிற்கையில் அவர்க்கும் நமக்கும் இடையே ஒரு தோழியும் இல்லை.

அடுத்த மாதக் கவியரங்கிற்கு ஒரு வேண்டுகோளோடு அமைகிறேன். ஒவ்வொருவரும் தம் கவிதையின் மேல், இது யார் கூற்று என்பதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். நிலக்கோட்டைச் சந்தையில் பூ எடை போடுபவர் கூற்று, இரயிலுக்குக் காத்திருப்பவர் கூற்று, மாமியார் கூற்று, எதுவாயினும் ஆகுக. கவிஞர் பெயர் தாளில் வேண்டா. எவர் தாளை எவர் படிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். கூட்டம் முடிந்து கலையும்போது, 'உங்கள் வீட்டில் ஏதும் சிக்கலா?' என்று யாரிடமும் கேட்க வேண்டாம் என்று மூத்த உறுப்பினர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.