வலி தெரியாத விரல்கள்

(தொழிலாளரான புனித யோசேப்பு திருநாளன்று வழங்கிய வானொலி மறையுரை)



இன்று மே முதல் நாள். உழைக்கும் சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-ஆம் ஆண்டு இந்தத் திருநாளை ஏற்படுத்தினார். நாசரேத்து ஊரார் நம் ஆண்டவரைப் பார்த்து, இவர் தச்சருடைய மகன்தானே என்று இளக்காரமாகக் கேட்டதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். அங்கே தச்சர் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’. மரவேலை செய்பவரையும் வீடு கட்டும் கைவினைஞரையும் அது குறிக்கும். மரத்தை இழைத்துக் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துத்தான் ஆண்டவர் நடை பழகினார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்றதும் எல்லாருக்கும் தோல்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோல் தானாகக் காலணி ஆகிவிடாது என்பது நமக்குத் தெரியும். கால் வடிவில் ஓர் அச்சுக்கட்டை வேண்டும். கம்பெனியில் அதை ‘லாஸ்ட்’ என்கிறோம். முன்பு மரத்தில் செதுக்கினார்கள். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். தோலை வெட்ட, எஃகுப் பட்டையை வளைத்துச் செய்த ‘டை’ வேண்டும். அதை அழுத்தும் பிரஸ் வேண்டும். மரமும் இரும்பும் முதலில் உருப்பெற்றால்தான் தோல் உருப்பெறும்.

அந்த அச்சுக்கட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் தாமஸ் பிளான்சர்டு என்பவர் 1819-இல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு சக்கரம் மாதிரிக் கட்டையின் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே போகும். இன்னொரு சக்கரம் அதே மேடு பள்ளங்களைப் புதிய மரத்தில் செதுக்கும். அரசாங்க ஆயுதச் சாலையில் துப்பாக்கியின் மரக்கட்டை செய்ய அது பயன்பட்டது. பின்னர் அதே முறையில் காலணி அச்சும், கோடரிப் பிடியும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலும் செய்தார்கள். இறைவாக்கினர் எசாயா, போர்வாள்கள் உழுபடைகளாக மாறும் நாளைக் கனவு கண்டார். கொல்லும் கருவிக்கும் காலைக் காக்கும் கருவிக்கும் ஒரே இயந்திரம் போதும். எதைச் செய்வது என்று தீர்மானிப்பது மனித உள்ளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலுக்கு ஏற்றபடி கட்டையைச் செதுக்குகிறோம். கட்டைக்கு ஏற்றபடி காலைச் செதுக்கினவர் எவருமில்லை. இந்த எளிய உண்மையைத்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காகப் படைக்கப்படவில்லை.

இதைச் செயலில் காட்டியவர் ஒருவர் நம் வேலூரிலேயே வாழ்ந்தார். மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன்பே கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஆனாலும் சூசையப்பரின் தொழில்காரர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார்.

ஒருநாள் ஒரு பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. அவருடைய பலத்துக்கே சாவி திரும்பவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன், தொழுநோயாளி, வந்து வெடுக்கென்று திருப்பிவிட்டான். இவனுக்கு இவ்வளவு பலமா என்று வியந்தவர், தரையில் இரத்தத்துளியைப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாகவே அழுகி விழுகின்றன என்றுதான் ஊர் உலகம் நம்பியிருந்தது. வலி தெரியாததால் நாள்தோறும் படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்பதைப் பிராண்ட் கண்டுகொண்டார். நலம் பெற்றவர்கள் வேலூரில் தச்சுவேலை கற்று மரப் பொம்மைகள் செய்தபோது, சுத்தியலும் ரம்பமும்கூட அவர்களைக் காயப்படுத்தின. ‘இந்தக் கைகளுக்கு வேலை ஒத்துவராது’ என்று அவர் அனுப்பிவிடவில்லை. காயம் எந்தக் கருவியால் வந்தது என்று தேடி, அந்தக் கருவியின் பிடியை மாற்றினார். கை மாற முடியாதபோது கருவி மாறியது.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் அதனுடன் துன்புறும் என்கிறார். அப்படியானால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் உடலுக்கு வலி தெரிகிறதா?

தோல் வெட்டும் பிரஸ்கள் பலவற்றில் இரண்டு பொத்தான்கள் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஏன்? இரண்டு கைகளும் பொத்தான்மேல் இருந்தால், டையின் அருகே கை இருக்காது. யாரோ ஒருவர் முகம் தெரியாத தொழிலாளியின் விரல்களை நினைத்து இதைச் செய்திருக்கிறார். இரும்புக்குள் வைக்கப்பட்ட பிறரன்பு அது.

ஆனால் கப்பல் தேதி நெருங்குகிறது, கணக்கு எட்டவில்லை. ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சம், இரண்டு வினாடி மிச்சம். ஒட்டுகிறவர் ஒருவர், பார்த்தும் பாராததுபோல் போகிறவர் இன்னொருவர், எண்ணிக்கை மட்டும் கேட்கிறவர் மற்றொருவர். விபத்து நடந்தால், ‘அவன்தான் கவனமாக இல்லை’ என்கிறோம். நற்கருணை பெற நீளும் கைகளில் விரல் குறைந்த கையை நாம் பார்த்திருக்கிறோம். ஆமென் சொல்லி வாங்கிச் சென்றவரிடம், என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? வீட்டுத் திண்ணையில் ஜோடிக் கணக்கில் மேல்தோல் தைக்கும் நம் சகோதரிகளின் ஊசி குத்திய விரல்களை எத்தனை முறை பார்த்தோம்? வலி தெரியாமல் போனது யாருக்கு?

ஆகவே, இத்திருநாளில் ஒரு சிறு செயலைச் செய்வோம். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களே, ஒட்டிய டேப்பைப் பார்த்தால் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல அச்சமென்றால் நாலு பேராகச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர்களே, கணக்கு கேட்கும் முன் கைகளைப் பாருங்கள். முதலாளிகளாக இருக்கிற நம் சகோதரர்களே, நின்றுபோகும் சில நிமிடங்களை நட்டக்கணக்கில் எழுதாதீர்கள். அன்பியக் கூட்டங்களில், விரல் இழந்தவரின் வீட்டுக்கு முதலில் போவோம். அவருக்குரிய இழப்பீட்டைப் பெற அவரோடு நடப்போம்.

அன்பு இறைவா, மரத்தையும் இரும்பையும் வளைக்கும் அறிவை எங்களுக்குத் தந்தீர். மரத்துப்போன எங்கள் உள்ளங்களையும் உமது கையில் எடுத்து, பிறர் வலி தெரியும்படி உருவாக்கியருளும். தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.